திரும்பி வருவதற்கு ஒரு குடை

இன்று ஞாயிறு. விடிந்ததிலிருந்து வின்டர்தூரில் விடாத மழை. வெளியே போகவேண்டி இருந்ததால் கதவுக்குப் பின்னால் கையை விட்டேன். அகப்பட்டது உங்கள் குடை. கடும் நீலத் துணி, மரப்பிடி, ஒரு கம்பி சற்று வளைந்திருக்கும். என்னுடைய குடையும் அதற்குப் பக்கத்துக் கொளுக்கியில்தான் தொங்கியது. இருந்தும் உங்களுடையதை எடுத்தேன்.

போன இடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஞாயிறு முற்பகலில் பழைய படங்கள் போடுகிற அந்தச் சின்னத் திரையரங்கு. பத்து வருடங்களுக்குப் பிறகு அதே பிரெஞ்சுப் படத்தை மறுபடி போட்டிருக்கிறார்கள். பெண்களைக் கண்டால் மனம் நில்லாத ஒரு மனிதனின் கதை. பாதி சிரிப்பு, பாதி துக்கம். அதன் பெயர் அன்றும் என் வாயில் நுழையவில்லை, இன்றும் நுழையவில்லை. நாங்கள் இருவரும் அதற்கு வைத்த பெயர் ‘உங்கட படம்’.

வந்து ஈரச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். மேலே விளிப்பு ஒன்றும் எழுதவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக உங்களை ஒரே சொல்லால்தான் அழைத்தேன். இப்போது அதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

சுவிஸ் மலைகளுக்குள்ளே, எங்கடினில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கும் வேலை. நீங்கள் சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறுகிறவர். கோப்பை கழுவ வந்த தமிழர்களில் மேசைப் பக்கம் ஏறிய முதல் ஆள் நீங்கள்தான் என்று பெருமையாகச் சொன்னார்கள். ஏற்றிவிட்டது முதலாளி இல்லை, தங்க வந்த பெண்கள் கேட்டுக் கேட்டு ஏற்றினார்கள் என்றும் சொன்னார்கள். ஊழியர் விடுதியில் எனக்கு எச்சரிக்கை முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே நீங்கள் சிரித்துக்கொண்டு வந்து, “ஊரில எந்த இடம்?” என்று கேட்டதும், எங்கள் பெண்கள் எல்லோரும் செய்கிறதையே நானும் செய்தேன்.

“சாவகச்சேரி, அண்ணை” என்றேன்.

“வேலியை நல்ல உயரமாத்தான் போட்டிருக்கிறீங்கள்” என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தட்டுகளோடு போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த வேலியில் கை வைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இரண்டாவது சீசனில் எனக்கு அது கொஞ்சம் குறையாகவே இருந்தது. ஹோட்டலில் அறுபது வயதுக் கணக்காளர் அம்மாவிடம்கூடக் காதோரம் குனிந்து கதைப்பீர்கள். என்னிடம் வந்தால், “சாப்பிட்டாச்சோ?” அவ்வளவுதான்.

மத்தியானப் பந்தி முடிந்து இரவுப் பந்திக்கு முன்னால் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் ஓய்வு. சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள், அறைக்குப் போய்க் காலை நீட்டுகிற நேரம். நாங்கள் எல்லோரும் நீட்டினோம். நீங்கள் மட்டும் மறுபடி முகம் மழித்து, எலுமிச்சை வாசனைக் கொலோன் பூசிக்கொண்டு, குடையும் கையுமாகப் புறப்படுவீர்கள். எங்கடினில் எத்தனையோ நாட்கள் வானத்தில் ஒரு துண்டு முகில் இருக்காது. “இண்டைக்கு மழை இல்லையே” என்று யாராவது சொன்னால் “தெரியும்” என்பீர்கள்.

அந்தக் குடையின் ரகசியத்தை ஒரு நாள் நீங்களே வாய்விட்டுச் சொன்னீர்கள். “ஒரு வீட்டுக்குப் போனால் குடையை அங்கையே மறந்திட்டு வரவேணும். திரும்பிப் போக ஒரு காரணம் வேணுமெல்லோ?” மலிவு விற்பனையில் மூன்று மூன்றாகக் குடை வாங்கி வைத்திருந்தீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் உங்கள் குடை தொங்காத கிராமம் இல்லை என்று சமையல்காரர் சொல்வார். மலை ரயிலில் பயணச்சீட்டுப் பார்க்கிற பெண்ணுக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் ஓய்வு நேரத்தில் மேலும் கீழும் போய்வந்தீர்கள். ரயிலில் குடையை மறந்தால் அது தொலைந்த பொருட்கள் அலுவலகத்துக்குப் போகும், அவள் வீட்டுக்குப் போகாது என்பதுகூட உங்களுக்கு நான்கு குடைகளுக்குப் பிறகுதான் உறைத்தது. கடைசியில் அவள் வேறொருவரைக் கட்டினாள். கலியாணத்துக்கு உங்களையும் அழைத்தாள். நீங்கள் மாப்பிள்ளையைவிட எடுப்பாக உடுத்துக்கொண்டு போனீர்கள்.

எல்லாமே சிரிப்பாக இருந்தது என்று எழுதினால் அது பொய். சலவை அறையில் வேலை செய்த போர்த்துக்கல்காரி தெரேசா மூன்று நாட்கள் மடித்த துவாய்களுக்கு நடுவில் இருந்து அழுதாள். நான் உங்களைப் பின்வாசலில் மறித்து, “நீங்கள் செய்யிறது சரியோ?” என்று கேட்டேன். “நான் அவவுக்குப் பொய் சொல்லேல்லை. சொன்ன அண்டைக்கு அது உண்மைதான்” என்றீர்கள். உங்கள் உண்மைகள் பால் மாதிரி, அன்றைக்கு மட்டும் நல்லவை என்று நான் கத்தினேன். அடுத்த நாள் தெரேசாவிடம் போய் மன்னிப்புக் கேட்டீர்கள். கேட்ட விதத்தில் அவள் மறுபடி சிரித்துவிட்டாள், அதுதான் உங்களிடம் உள்ள தொல்லை.

எனக்கு அவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். நான் இந்த நாட்டுக்கு வந்ததே கலியாணத்துக்காக. மாப்பிள்ளையைப் பற்றி எங்கள் வீட்டார் ஆறு பேரிடம் விசாரித்தார்கள். ஆறு பேரும் “தங்கமான பெடியன்” என்றார்கள். அந்தத் தங்கம் குடித்தது, அடித்தது. இரண்டு வருடத்தில் ஒரு பையோடு வெளியே வந்து எங்கடினுக்கு ரயில் ஏறினேன். அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். யாராவது யாரையாவது பற்றி என்னிடம் விசாரித்தால் உள்ளதை உள்ளபடி சொல்வேன், எந்த முகத்தாட்சண்யமும் பார்க்கமாட்டேன் என்று.

பிறகு நான் வின்டர்தூருக்கு வந்து முதியோர் இல்லச் சமையலறையில் சேர்ந்தேன். நீங்களும் இரண்டு வருடம் கழித்துச் சூரிச்சில் ஓர் உணவகத்துக்கு மாறி வந்தீர்கள். அதற்குள் என் வாய் பெயரெடுத்துவிட்டது. சுவிஸில் உள்ள மாப்பிள்ளையோ பெண்ணோ என்றால், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவேன். குடிப்பாரா, அடிப்பாரா, வேலையில் நிற்பாரா, தாயின் சொல்லுக்கு ஆடுவாரா. நான் குலைத்த சம்பந்தங்களை எண்ணி நீங்கள் கேலி செய்வீர்கள். “உங்களுக்குப் பயத்தில சுவிஸில பாதிப்பேர் நல்லவங்களாகிட்டாங்கள்.”

உங்களுக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது மனோகரி வந்தா. ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில் பொதிசெய்யும் வேலை, கணவனை இழந்தவ, பிள்ளைகள் இருவரும் வளர்ந்து தனியே போய்விட்டார்கள். கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு நீங்கள் சோறு பரிமாற, அவ பருப்பு பரிமாறினா. அடுத்த மாதமே என்னிடம் வந்து, “இது வேற” என்றீர்கள்.

“எல்லாமே வேறதானே அண்ணை” என்றேன்.

“இல்லை. இவவின்ர வீட்டில நான் குடை விட்டிட்டு வரேல்லை.”

குடை இல்லாமல் ஒரு வீட்டுக்கு நேராகப் போய் நேராக வருகிறீர்கள் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து மனோகரியின் தமையனார் பாசல் நகரிலிருந்து கூப்பிட்டார். நான் அடுப்பில் கடலை அவிய வைத்திருந்தேன். “தங்கச்சி, உங்களிட்டக் கேட்டால் உண்மை வருமெண்டு சொல்லிச்சினம். ஆள் எப்பிடி?” என்றார். என் வழக்கப்படி தொடங்கினேன். குடியாது, அடியாது, வேலையில் ஒரு நாள் பிந்தாது. பிறகு என் விரதம் குறுக்கே வந்தது. “ஆனால் கண் ஓரிடத்தில நில்லாது, அண்ணை. உங்கட தங்கச்சி அழவேண்டி வரலாம்” என்றும் சொல்லிவிட்டேன். அவர் மேலும் ஏதோ கேட்டார், நானும் சொல்லிக்கொண்டே போனேன். போனை வைத்தபோது வீடெல்லாம் புகை. கடலை கரியாகிவிட்டது, சட்டியோடு எறிந்தேன்.

சம்பந்தம் நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு நீங்கள் புதுச் சட்டையோடு என் வாசலில் நின்றீர்கள். நான் பயந்தபடியே கதவைத் திறந்தேன். “அது சரிவரேல்லை” என்றீர்கள். ஏனென்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு சினிமாச் சீட்டுகளை எடுத்தீர்கள். “வெளிக்கிடுங்கோ. பழைய பிரெஞ்சுப் படம். என்னைப் பற்றித்தானாம்.” மனோகரியோடு போக வாங்கிய சீட்டு என்று நினைத்தேன்.

முதல் பாதியில் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “இவன் எனக்கு என்ன முறை? சித்தப்பாவின்ர மகனோ?” என்று நீங்கள் கேட்க, முன்வரிசைச் சுவிஸ் கிழவர் திரும்பி முறைத்தார். பிற்பாதியில் அரங்கு சிரித்த இடங்களில் நீங்கள் சிரிக்கவில்லை. வெளியே வந்து மழையில் ஒரே குடைக்குள் நடக்கும்போது சொன்னீர்கள்: “எத்தினை பொம்பிளையள். அவனை முழுக்கத் தெரிஞ்ச ஒருத்தி படத்தில இல்லை.”

“முழுக்கத் தெரிஞ்சால் ஆர் கிட்டப் போவினம்?” என்றேன் நான். என் வாயைத் தைக்கவேண்டும்.

அன்று என் வீட்டில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டீர்கள். நீங்கள் படியிறங்கிய பிறகு பார்த்தால் கொளுக்கியில் குடை. சன்னலைத் திறந்து, “அண்ணை, குடை!” என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தீர்கள். “இருக்கட்டும். அடுத்தமுறை எடுக்கிறன்.”

அடுத்தமுறை வந்தீர்கள், எடுக்கவில்லை. அதற்கடுத்தமுறையும் எடுக்கவில்லை. பத்து வருடம், ஒன்றுவிட்ட ஒரு ஞாயிறு, புட்டு, மீன்குழம்பு, அந்தக் கிழமை நீங்கள் யாரிடம் மயங்கினீர்கள் என்ற கதை. அந்தக் கதைகள் வரவர மெலிந்தன. கடைசியில் பேருந்தில் இருக்கை தந்த ஒரு பாட்டி, மருந்துக்கடையில் நன்றாகச் சிரித்த ஒரு பிள்ளை என்று வந்து நின்றன. உங்களுக்கு வயதாகிறது என்று நினைத்தேன். போகும்போதெல்லாம் நான் குடையை ஞாபகப்படுத்துவேன். நீங்கள் நெற்றியில் தட்டிக்கொண்டு, “சீ, பாருங்கோவன்!” என்பீர்கள். அந்த நடிப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாத நான்தான் உலகத்துக்கு உண்மை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து வருடமும் ஒரு கல் என் நெஞ்சில் கிடந்தது. உங்கள் வாழ்க்கையில் வந்த ஒரேயொரு ‘வேற’யை என் நாக்கு குலைத்துவிட்டதே என்று. சொல்லிவிடவேண்டும் என்று எத்தனையோ ஞாயிறு வாய்வரை வந்தது. புட்டைக் குழைத்துக்கொண்டு நீங்கள் சிரிப்பதைப் பார்க்க, விழுங்கிவிடுவேன்.

போன இலையுதிர்காலத்தில் இதயம் மக்கர் செய்து ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். நான் வந்தபோது மூன்று தாதிமாரின் பெயரும் அவர்கள் பிள்ளைகளின் பெயரும் உங்களுக்குப் பாடம். மூவரும் உங்களைக் கண்டித்துக்கொண்டே சிரித்தார்கள். நான் புறப்படும்போது, “என்ர குடை இருக்குதோ?” என்று கேட்டீர்கள்.

“இருக்குது. நாளைக்குக் கொண்டு வாறன்.”

“வேண்டாம், வேண்டாம். நான் வந்து எடுக்கிறன்.”

நீங்கள் வரவில்லை. நீங்கள் கண்மூடிய அந்த வெள்ளிக்கிழமை முதல், கொளுக்கியில் தொங்கிய குடையை நான் தொடவே இல்லை. இன்று காலை வரை.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் ஷ்லீரனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சமையல் முடிந்து நான் பாத்திரம் துடைத்துக்கொண்டு நிற்க, மனோகரி பக்கத்தில் வந்து ஒரு துணியை எடுத்துத் தானும் துடைக்கத் தொடங்கினா. கல்லை அன்றே இறக்கிவிடுவது என்று நினைத்தேன். “உங்கட அண்ணைக்கு அண்டைக்கு நான் சொன்னதாலதான் எல்லாம் நிண்டது. என்னை மன்னிக்கவேணும்” என்றேன்.

மனோகரி கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டுச் சிரித்தா. “அக்கா, உங்கட நம்பரை எங்களுக்குத் தந்ததே அவர்தான். ‘விசாரிக்கிறதெண்டால் அவவிட்ட விசாரியுங்கோ. அவ சொல்லுறதுதான் நான்’ எண்டவர்.”

“கண் நில்லாத கதை எங்களுக்கு முதலே தெரியும். சுவிஸ் முழுக்கத் தெரியுமே” என்று மனோகரி தொடர்ந்தா. “அதால நிக்கேல்லை. அண்ணை அஞ்சு நிமிசம் கதைக்கத்தான் எடுத்தவர். நீங்கள் ஒண்டேகால் மணித்தியாலம் கதைச்சனீங்களாம். அவருக்கு எந்தப் பல் கூசும், எந்தத் தோள் குளிருக்கு நோகும், கோபம் வந்தால் எந்தக் காது சிவக்கும் எண்டெல்லாம் சொன்னனீங்களாம். போனை வைச்சிட்டு அண்ணை என்னைப் பாத்தார். ‘பிள்ளை, அந்த ஆளுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்குது. அது அவை ரெண்டு பேருக்கும்தான் தெரியேல்லை’ எண்டார்.”

“இதை அவரிட்டச் சொன்னனீங்களோ?” என்று கேட்டேன்.

“ஓம், அப்பவே சொன்னனான். காது ரெண்டும் சிவந்து போச்சு.”

“அப்ப அந்தச் சினிமாச் சீட்டு...?”

“எனக்குப் பிரெஞ்சுப் படமோ? எனக்கு ஜெர்மனே தட்டுத்தடுமாறித்தான்” என்றா மனோகரி, மறுபடி சட்டியை எடுத்துக்கொண்டு.

அன்றிரவு முழுவதும் உங்களைத் திட்டினேன். மலை ரயில்காரியிடம் சொல்ல வார்த்தை இருந்தது, கணக்காளர் அம்மாவிடம் சொல்ல வார்த்தை இருந்தது, என்னிடம் சொல்ல மட்டும் பத்து வருடத்தில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லையா? பிறகு என்னையும் திட்டிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்ததும் “வாங்கோ அண்ணை” என்று வேலியை நான்தானே முதலில் நாட்டினேன்? ஒரு மனிதன் அதைத் தாண்டி எங்கே குதிப்பான், அதுவும் தோள் நோகிற வயதில். விடியும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர்ப்பட்ட வீடுகளில் ஊர்ப்பட்ட குடைகள் விட்டீர்கள், ஒன்றும் இரண்டு மாதத்துக்குமேல் வேலை செய்யவில்லை. என் வீட்டுக் குடை பத்து வருடம் வேலை செய்தது.

எனக்கு உங்களை நிறையப் பிடித்திருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்கிறவள் இதைத்தான் கடைசியாகச் சொல்கிறேன், நேரம் பிந்தி, மன்னியுங்கள். அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தில் பாசல்காரரிடம் சொன்னேன் போலிருக்கிறது, எனக்குச் சொல்லத்தான் மறந்துபோனேன். மேலே ஏன் விளிப்பு எழுதவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும். அந்தச் சொல்லை இனி எழுதமாட்டேன். வேறு சொல் பழக்கமில்லை. ‘நீங்கள்’ என்பதே இந்த வயதுக்குப் போதும்.

இன்று படத்தில் எனக்கு எல்லா இடத்திலும் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்காமல் இருந்த இடங்களிலும் சிரித்தேன். பக்கத்து இருக்கையில் குடையைச் சாய்த்து வைத்திருந்தேன். ஈரம் சொட்டி அந்த இருக்கைக்கு முன்னால் ஒரு சின்னக் குளம்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. இருந்தும் குடையை விரித்தேன். வளைந்த கம்பி எனக்கு மறுபக்கம் போகும்படி பிடித்து, கொஞ்சம் இடப்பக்கமாகச் சரித்து, இன்னோராள் நனையாமல் நடக்க இடம் விட்டு நடந்தேன். சந்தியில் நாய்க்குட்டியோடு நின்ற ஒரு சுவிஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மழை இல்லையே என்றா.

“தெரியும்” என்றேன்.